ஆராதனை முடியும் வரை

ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் எந்த நேரமும் எழுந்து போய்விடலாம். அதற்காகத்தான் இரண்டாம் மணி அடிக்கும் முன்பே வந்து, பக்கக் கதவை ஒட்டிய பெஞ்சாகப் பார்த்து, மகனைச் சுவரோரமாக உள்ளே விட்டு, தான் வெளிப்பக்கம் உட்கார்ந்திருந்தாள் ஹெப்சிபா. எல்லாம் யோசித்துத்தான் செய்திருந்தாள். ஆனால் பச்சைச் சேலையும் கைத்தடியுமாகப் பெரிய உடம்புக்கார அம்மா ஒருத்தி வந்து நின்று, "கொஞ்சம் உள்ள தள்ளிக்கோம்மா, எனக்கு முட்டு மடக்க முடியாது, ஓரம்தான் தோது" என்றதும் என்ன சொல்வதென்று தெரியாமல் நகர்ந்து கொடுத்துவிட்டாள். நகர்ந்த பிறகுதான் வழி அடைபட்டது புரிந்தது. ஒரு பக்கம் சுவர், சுவரை ஒட்டி ஆல்வின், நடுவில் அவள், அந்தப் பக்கம் அந்த அம்மா, அம்மாவின் நீட்டிய கால்கள், கால்களுக்குக் குறுக்கே கைத்தடி. இப்போதே போய்விடலாமா. இன்னும் தொடங்கவில்லை, ஆர்கன் வாசிப்பவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார், இப்போது எழுந்து போனால் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆல்வின் வர வேண்டுமே. அவன் தலையை நிமிர்த்தி உத்தரத்திலிருந்து நீளக் கம்பியில் தொங்கும் ஃபேன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, முகத்தில் ஒரு வெளிச்சம். பத்தொன்பது வயதுப் பிள்ளை. மீசை வந்துவிட்டது. ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம் என்று உட்காரும் கோயிலில் பெண்கள் பக்கத்தில் மீசையோடு ஒரு பிள்ளை. பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். முன் பெஞ்சில் மல்லிகைப்பூ வைத்த பெண் ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். பச்சைச் சேலை அம்மாவும் பார்த்தாள், பார்த்துவிட்டு மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம். முட்டு வலிக்கான மூச்சா, இவனுக்கான மூச்சா.

வந்திருக்கவே கூடாது, ஆனால் வராமல் எப்படி. வந்தது அவள் இல்லை, அவன்தான். பாளையங்கோட்டையில் தம்பி பார்த்துக் கொடுத்த மாடிவீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, ஞாயிறு காலையில் இந்தக் கோயில் மணி அடித்தால் ஆல்வின் ஜன்னலுக்குப் போய்விடுவான். கம்பியில் நெற்றியை வைத்து நின்றுகொள்வான். பாட்டு ஒலிபெருக்கியில் வரும், அவன் தொண்டைக்குள் ஓ என்று ஒரே ஸ்வரத்தில் இழுப்பான், பாட்டு முடிந்தால் நிறுத்திக்கொள்வான், அடுத்த பாட்டுக்குக் காத்திருப்பான். அவள் அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் அரிவாள். அவளுக்குக் கோயிலே வேண்டாம் என்று இருந்தது, ஜன்னல் போதும் என்று இருந்தது. இன்றைக்கு மணி அடித்ததும் அவன் ஜன்னலுக்குப் போகவில்லை. கதவடியில் கிடந்த செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு நின்றான். தானாக. சொல்லிக் கொடுத்து, கை பிடித்து மாட்டிவிட்டு எத்தனை வருஷமாகவோ அவன் செய்யாத காரியம். அவளைப் பார்த்து "மா" என்றான். அவனிடம் இருக்கிற ஒரே சொல் அதுதான், பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். இன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. அவள் குனிந்து செருப்பை மாற்றிப் போட்டுவிட்டாள், சேலையை மாற்றினாள், அவசரத்தில் ஊக்கு விரலில் குத்தியது. படி இறங்கும்போதே நினைத்தாள், சத்தம் வந்துவிடக் கூடாது, ஆண்டவரே, சத்தம் மட்டும் வந்துவிடக் கூடாது.

ஆர்கன் தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். பாட்டில் பயமில்லை. இத்தனை குரல் பாடும்போது அவன் இழுப்பு அதற்குள் கரைந்துபோகும், எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கட்டும். இழுத்தான். உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, வயிற்றிலிருந்து இழுத்தான். மல்லிகைப்பூ தோள் ஒருதரம் விறைத்தது. பரவாயில்லை, பாட்டுதான். பாட்டுக்குப் பிறகு ஜெபம், ஜெபத்தில் போதகர் பேசிக்கொண்டிருப்பார், நடுவில் சபையார் ஆமென் சொல்வார்கள், அதுவும் பரவாயில்லை. வேத வாசிப்பு, அதில் கொஞ்சம் பயம். பிரசங்கம், அது நீளம், நீளம் என்றால் பயம். அதற்குப் பிறகு ஒரு இடம் வரும், எல்லோரும் வாய் மூடித் தலை குனிந்து அவரவர் பாவத்தை நினைக்கிற மௌனம். ஹெப்சிபாவுக்கு ஆராதனை முழுவதும் இப்போது இப்படித்தான் தெரிகிறது, சத்தமுள்ள இடம், சத்தமில்லாத இடம் என்று. ஆற்றைக் கடக்கிறவன் கல் பார்த்துக் கால் வைக்கிற மாதிரி. ஒரு காலத்தில் இதே ஜெபங்களை முட்டிபோட்டுக் கண்ணீரோடு சொன்னவள் அவள். வாலிபப் பெண்கள் சங்கத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கியவள். இப்போது எந்த வார்த்தையும் உள்ளே போகவில்லை, இடைவெளிகள் மட்டும் காதில் விழுகின்றன. அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருக்கும். முந்தின ஊர் கோயிலில் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். இந்தப் போதகர் எப்படியோ. ஆள் நிதானமாகப் பேசுகிறார், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று. நிதானமான ஆள் என்றால் மௌனமும் நீளமாகத்தான் இருக்கும்.

முந்தின ஊர். அதை நினைக்கக் கூடாது என்றுதான் வந்தாள். உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தாள், நினைப்பும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். ஆல்வினுக்குப் பதிமூன்று வயது, குரல் உடைந்த புதிது, ஒரு ஞானஸ்நானம் நடக்கும்போது தண்ணீர் ஊற்றியதும் குழந்தை அழுதது, குழந்தை அழுததும் இவனும் கத்தினான், நிறுத்தாமல் கத்தினான். அன்று சாயங்காலம் கமிட்டிக்காரர் ஒருத்தர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "தம்பிய வீட்ல வச்சிட்டு வாங்களேம்மா, நாங்க தப்பா சொல்லல, ஆண்டவர் எங்கயும்தான இருக்காரு" என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னார். காபி குடித்தார். போகும்போது ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள் கோயிலுக்குப் போவது என்று பேசிக்கொண்டார்கள், கணவர் சார்லஸ் ஒரு வாரம் போவார், அடுத்த வாரம் அவளைப் போகச் சொல்வார். அவள் போகமாட்டாள். நீங்களே போங்க என்பாள். ஆண்டவர் எங்கும்தான் இருக்கிறாரே, இங்கே அடுப்படியிலும் இருக்கட்டும். அப்புறம் அந்த ஜெபக்கூட்டம். சார்லஸின் அக்கா கூட்டிப்போனாள், விடுதலை கிடைக்கும் என்று. ஒரு கல்யாண மண்டபம். நாலைந்து ஆண்கள் ஆல்வின் தலையில் கை வைத்தார்கள், ஒருத்தர் கை மேல் இன்னொருத்தர் கை, அழுத்தினார்கள், அவன் தரையில் விழுந்தான், விழுந்தது நல்ல அடையாளம் என்று இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். அவள் எப்படி உள்ளே பாய்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒருத்தர் முழங்கையை நகத்தால் கீறிவிட்டாள். அன்றிலிருந்து அவன் தலையை யாரும் தொட முடியாது. முடி வெட்டுவதும் அவள்தான், தூங்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக. அதோ இப்போதும் அவன் பிடரியில் ஒரு பக்கம் முடி ஏறி இறங்கித்தான் இருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பிரசங்கம் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று. போதகர் ஏதோ கிணற்றைப் பற்றிச் சொல்கிறார், தூர்ந்துபோன கிணறு, தூர் வாருவது, அடியில் ஊற்று. நல்ல பேச்சுதான் போலிருக்கிறது, ஆண்கள் பக்கம் ஒருத்தர் தலையாட்டிக்கொண்டிருக்கிறார். ஆல்வினின் முட்டி ஆடத் தொடங்கிவிட்டது. முதலில் முட்டி, அப்புறம் கை தொடையில் தட்டும், அப்புறம் மூச்சு மூக்கால் வேகமாக வரும், அப்புறம்தான் அது. சமையலில் பால் பொங்குவதைப் பார்த்து அடுப்பை அணைக்கிற மாதிரி இதைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். வீட்டில் என்றால் எழுப்பி நடக்க வைப்பாள். இங்கே எங்கே நடப்பது, அந்த அம்மா கால் நீட்டியிருக்கிறாளே. முட்டியின் மேல் கையை வைத்து மெதுவாக அழுத்தினாள். ஆட்டம் கைக்குள் தெரிந்தது, உள்ளே ஒரு மோட்டார் ஓடுவதுபோல. சார்லஸ் இருந்தால் தோளோடு அணைத்து உட்காருவார், அவர் உடம்பின் கனம் அவனுக்குப் போதும், அடங்கிவிடுவான். அந்தக் கனம் அவளிடம் இல்லை. சார்லஸ். ஒரு மத்தியானம் பேங்க்கில் நாற்காலியிலேயே சாய்ந்து போய்விட்டார். அந்தக் கோயிலில்தான் அடக்க ஆராதனை வைத்தார்கள், கூட்டம் நிறைய. ஆல்வின் சத்தம் போடுவான் என்று யாரோ சொல்லி, இல்லை, யாரும் சொல்லவில்லை, அவளாகவே அவனைக் கூட்டிக்கொண்டு வெளியே வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆமாம், யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாதபடி பழக்கியிருந்தார்கள். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புருஷனுக்குப் படிக்கிற பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டாள். ஆல்வின் கூடவே ஓ என்று இழுத்தான். பெட்டியை மூடும் முன் வந்து கூப்பிட்டார்கள், அவள் போனாள், முகம் பார்த்தாள், பிள்ளையை டிரைவரிடம் விட்டுவிட்டு வந்த நினைப்பிலேயே பார்த்தாள், அந்த முகம் இப்போது நினைத்தால் தெளிவாக வருவதில்லை. வேனின் சீட்டு உறையில் இருந்த பூப்போட்ட துணிதான் வருகிறது. அதற்குப் பிறகு எந்தக் கோயில் படியையும் மிதிக்கவில்லை. கோபம் என்று கூடச் சொல்ல முடியாது. கோபம் என்றால் எதிரே ஆள் வேண்டும்.

"பிள்ளைக்கு என்னமும் வேணுமாம்மா?" பச்சைச் சேலை அம்மா குனிந்து கேட்டாள். அவள் குசுகுசுப்பே பெரிய சத்தமாக இருந்தது. ஹெப்சிபா வேகமாகத் தலையாட்டினாள். "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல, இப்ப சரியாயிரும்." கன்னம் சூடாகிவிட்டது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆராதனை முடிந்ததும் யார் பிள்ளை, எந்த வீடு, எப்பம் வந்தீங்க என்று கேட்பாள், கேட்டுவிட்டு யாரிடமாவது சொல்வாள், வருகிற புதன்கிழமை யாராவது பழம் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்கள். இந்தத் தடவை பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இல்லை, கதவையே திறக்கக் கூடாது. போதகர் பிரசங்கத்தை முடித்துவிட்டார். எல்லோரும் எழுந்து விசுவாசப்பிரமாணம் சொன்னார்கள், அது நல்ல சத்தம், அவளும் சொன்னாள், நாக்கு தானாகச் சொன்னது, ஒரு இடத்தில் கூட தப்பவில்லை. ஆல்வின் நின்றதால் கொஞ்சம் அடங்கினான். சரி. இனி அந்த இடம்தான். அதைத் தாண்டிவிட்டால் திருவிருந்துக்கு ஜனங்கள் எழுந்து போவதும் வருவதுமாகச் சலசலப்பு இருக்கும், அந்தச் சலசலப்பில் நழுவிவிடலாம். "நம்முடைய பாவங்களை நினைத்து மௌனமாக அறிக்கை செய்வோம்" என்றார் போதகர். பெஞ்சுகள் முனகின. எல்லோரும் முட்டிபோட்டார்கள். பச்சைச் சேலை அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே தலையைக் கவிழ்த்தாள்.

ஃபேன்களின் சத்தம் மட்டும் இருந்தது. வெளியே ரோட்டில் ஒரு ஆட்டோ போனது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. என் பாவம் என்ன. நினைக்க வேண்டும் இல்லையா. என் பாவம், இவன் கையை நான் இப்போது இறுக்கிப் பிடித்திருப்பது, வலிக்கும்படி பிடித்திருப்பது. என் பாவம், சில நாள் மத்தியானங்களில் இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று, இல்லை, அதை இங்கே நினைக்காதே, வேறு எங்கு நினைப்பது, இங்கேதானே நினைக்கச் சொல்கிறார்கள். கை தொடையில் தட்டுகிறது. ஒன்றுமில்லடா, ஒன்றுமில்ல. மூச்சு வந்துவிட்டது. ஐயா, பேசுங்களேன், ஏதாவது சொல்லுங்களேன், எவ்வளவு நேரம்தான் பாவத்தை நினைப்பது, இவ்வளவு பாவமா இந்த ஜனங்கள் செய்திருக்கிறார்கள். அவன் கழுத்து நரம்பு எழுந்தது. அவள் தன் உள்ளங்கையை அவன் வாய்க்கு முன்னால் கொண்டுபோனாள், வாயைப் பொத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், கை பாதியில் நின்றது. ஆல்வின் கத்தினான்.

பாட்டில் இழுத்தது போல இல்லை. தொண்டை கிழிகிற சத்தம், உயரமான சுவர்களில் மோதித் திரும்பி வந்தது, வரும்போது இன்னும் பெரிதாக வந்தது. மல்லிகைப்பூ துள்ளித் திரும்பியது. ஆண்கள் பக்கம் தலைகள் எழுந்தன. மறுபடியும் கத்தினான். எங்கோ ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அவ்வளவுதான், முடிந்தது, எல்லாம் முடிந்தது. ஹெப்சிபா எழுந்துவிட்டாள். கைப்பையைத் தோளில் போட்டாள், அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், வா, எழுந்திரு, போவோம், அவன் எழவில்லை, இன்னும் இழுத்தாள், எழுந்தான். "கொஞ்சம் வழி விடுங்கக்கா." பச்சைச் சேலை அம்மா அசையவில்லை. காது கேட்கவில்லையோ. "அக்கா, கொஞ்சம் காலை எடுங்க, நாங்க போயிருதோம்." அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"எங்க போற?"

"வெளிய. சத்தம் போடுதான்லா."

"போட்டாப் போடுதான். என்னால எந்திரிக்க முடியாது, முட்டு மடங்க மாட்டேங்கு. உக்காரு."

"எல்லாருக்கும் இடைஞ்சலா இருக்கும்க்கா."

"யாருக்கு? எனக்கு இடைஞ்சலா இல்ல. உக்காருன்னேன்."

உட்கார வேண்டியிருந்தது. தாண்டிப் போக முடியாது, நின்றுகொண்டும் இருக்க முடியாது. உட்கார்ந்ததும் அவனும் உட்கார்ந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கண்களைத் தூக்கவே இல்லை, இப்போது யாராவது வருவார்கள், பின்னாலிருந்து தோளில் தட்டுவார்கள், உபதேசியார் வருவார், மெதுவாகச் சொல்வார். மெதுவாகச் சொல்வதுதான் கொடுமை. ஆல்வின் இன்னொரு தடவை கத்தினான், பிறகு அது தேய்ந்து ஓ என்று இழுப்பானது, இழுப்பு மூச்சானது. யாரும் வரவில்லை. போதகர் பேசவில்லை. அவர் பலிபீடத்தின் முன்னால் முதுகைக் காட்டி முட்டிபோட்டபடியே இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் அழுகை நின்றது. பிறகும் போதகர் சிறிது நேரம் அப்படியே இருந்துவிட்டு, எழுந்து, முன்பு பேசிய அதே நிதானத்தில் மன்னிப்பின் ஜெபத்தைத் தொடங்கினார். அவளுக்கு அது விளங்கவில்லை. காத்திருந்தாரா. எதற்காக. முடியட்டும் என்று காத்திருந்தாரா, இல்லை அவரவர் பாவத்தில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாரா. ஓட முடியாதபடி உட்கார வைக்கப்பட்டதில் ஒரு ஆத்திரம், யார் இந்த அம்மா, எனக்கு உத்தரவு போட. ஆத்திரத்துக்கு அடியில் வேறு ஏதோ, பேர் தெரியவில்லை, இருமல் வருகிற மாதிரி தொண்டையில் நின்றது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் போதகர். எல்லோரும் திரும்பித் திரும்பிக் கைகூப்பினார்கள். மல்லிகைப்பூப் பெண் திரும்பினாள், சின்ன வயசு, புதிதாகக் கல்யாணமானவள் போலிருந்தாள், ஹெப்சிபாவுக்குக் கைகூப்பிவிட்டு, தயங்கி, ஆல்வினுக்கும் கூப்பினாள். ஆல்வின் கூப்பிய அந்தக் கைகளை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மூக்குக்குக் கொண்டுபோனான். பிடித்த வாசனை என்றால் அப்படித்தான் செய்வான். அவள் முகம் வெளிறியது. ஹெப்சிபா விலக்கப் போனாள். "மன்னிச்சிருங்கம்மா, அவனுக்கு..." அந்தப் பெண் கையை இழுக்கவில்லை. இழுக்க நினைத்தது தோளில் தெரிந்தது, ஆனால் இழுக்கவில்லை. "காலையில பூண்டு உரிச்சேன்" என்று கூச்சத்தோடு சொன்னாள். பச்சைச் சேலை அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள், சத்தம் வராமல்.

திருவிருந்துக்கு ஜனங்கள் வரிசையாக எழுந்து போகத் தொடங்கினார்கள். நழுவுவதற்கு இதுதான் நேரம் என்று முதலில் நினைத்திருந்தாள். ஹெப்சிபா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெஞ்சு பெஞ்சாகக் காலியாகி, நிறைந்து, முறை நெருங்கியது. "நீ போகலையா?" என்றாள் அந்த அம்மா. "இல்லக்கா, இவன விட்டுட்டு எப்படி." எத்தனை வருஷமாயிற்று. கடைசியாக அந்த அப்பத்தை எப்போது வாங்கினோம் என்றே தெரியவில்லை, கடைசி என்று தெரியாமல் வாங்கியது. "நான் இருக்கேன்லா" என்றாள் அந்த அம்மா. "எனக்கு ஐயாவே இங்க கொண்டாந்து தருவாரு, முட்டுக்காக. அன்னபாக்கியம்னா இங்க எல்லாருக்கும் தெரியும், பிள்ளையத் தூக்கிட்டு ஓடிர மாட்டேன். போ." சொல்லிக்கொண்டே கைத்தடியை மறுபக்கம் மாற்றி, கால்களை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள். நன்றாகவே மடங்கின. ஹெப்சிபா அந்தக் கால்களையே பார்த்தாள். வழி திறந்திருந்தது. இடதுபக்கம் போனால் கதவு, வலதுபக்கம் போனால் பலிபீடம். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எப்படி. தெரிந்தவர்களிடம் விட்டது எப்படி இருந்தது. அவள் குனிந்து, அந்த அம்மா காதருகில் ஒன்றே ஒன்று சொன்னாள். "தலைய மட்டும் யாரும் தொட்டுறாம பாத்துக்கிடுங்க." "சரி." "கத்துனா..." "கத்துனா கத்துதான். போம்மா."

நடந்தாள். முதுகில் கண் முளைத்த மாதிரி நடந்தாள். ஒவ்வொரு பெஞ்சைத் தாண்டும்போதும் பின்னால் ஒரு நூல் நீண்டு இழுபடுவது போலிருந்தது, இப்போது அறுந்துவிடும், இப்போது. கம்பளத்தில் முட்டிபோட்டுக் கைகளைக் குவித்து ஏந்தினாள். பக்கத்தில் யார் யாரோ. கைகளில் வெங்காய வாசனை இருந்தது, நேற்றையது, எவ்வளவு தேய்த்தாலும் போகாதது. போதகரின் வெள்ளை அங்கி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. காது முழுவதும் பின்னால் இருந்தது. பாடகர்கள் மெதுவாக ஏதோ பாடினார்கள், அதற்கும் அடியில் அவள் தேடினாள், அவன் மூச்சை, தொடையில் தட்டும் சத்தத்தை. சத்தம் இல்லை. சத்தமில்லாததும் பயமாகத்தான் இருந்தது. அங்கி நெருங்கி, பக்கத்தில் இருந்தவளின் கையில் அப்பத்தை வைத்தபோது, பின்னாலிருந்து அது வந்தது. "மா." கூப்பிட்டான். இன்னும் பெரிதாக, "மா." கோயில் முழுவதும் கேட்டது. அவள் உடம்பு எழுந்துவிட்டது, ஒரு முட்டி கம்பளத்திலிருந்து தூக்கியாயிற்று. ஓடு, ஓடு. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவள் ஓடாமல் இருந்ததே இல்லை. தூக்கத்திலிருந்தும், குளித்துக்கொண்டிருக்கும்போதும், புருஷனின் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தும் ஓடியிருக்கிறாள். பின்னால் அன்னபாக்கியத்தின் கனத்த குரல் கேட்டது, ஒளிவு மறைவில்லாமல், வீட்டில் பேசுகிற குரலில், "அம்மா அந்தா இருக்கா மக்கா, வந்துருவா. இரி." அவள் தூக்கிய முட்டியைத் திரும்ப வைத்தாள். அதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. போதகர் அவள் முன்னால் நின்றார், அப்பத்தை வைத்தார், கை ஆடியதால் அவர் தன் இன்னொரு கையால் கீழிருந்து அவள் கைகளைத் தாங்கிக்கொண்டார், அவள் வாங்கி முடிக்கும் வரை. அவள் சாப்பிட்டாள். ருசியே இல்லாத மெல்லிய அப்பம், நாக்கில் ஒட்டிக்கொண்டது. பாத்திரம் வந்தது, குடித்தாள், புளிப்பும் இனிப்புமாகத் தொண்டையில் இறங்கியது, தொண்டையில் நின்றுகொண்டிருந்தது அதோடு உடைந்தது. அழுகை வரும் என்று நினைக்கவில்லை. சார்லஸுக்கு அழாதது வந்தது, மல்லிகைப்பூப் பெண்ணின் பூண்டுக் கைக்கும் சேர்த்து வந்தது, சத்தமில்லாமல் தோள்கள் குலுங்க வந்தது. அந்த மௌனத்தில் நினைக்காதே என்று தள்ளிய அந்த நினைப்பும் வந்தது, அதைத் தள்ளவில்லை, இதோ என்று வைத்தாள். பிறகு எழுந்தாள்.

திரும்பி நடந்தபோது பெஞ்சு காலியாக இல்லை, அவன் இருந்தான், அன்னபாக்கியம் அவனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெரிய தோள் அவன் தோளோடு சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை, பெரிய உடம்பு என்பதால்தான் அப்படிச் சாய்ந்திருக்க வேண்டும். அவன் அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். போதகர் அப்பத் தட்டோடு படி இறங்கி அந்தப் பெஞ்சுக்கு வந்திருந்தார். ஹெப்சிபா நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டாள். அவர் அன்னபாக்கியத்துக்குக் கொடுத்தார். பிறகு ஆல்வினைப் பார்த்தார், சிரித்தார், திடப்படுத்தல் ஆகாத, இன்னும் அப்பம் வாங்காத பிள்ளைகளை ஆசீர்வதிக்கிற வழக்கத்தில் அவர் வலதுகை எழுந்து அவன் தலைக்கு மேலே போனது. அவளுக்குக் கல்யாண மண்டபத்தின் தரை தெரிந்தது. கத்த வாய் திறந்தாள். எட்ட முடியாத தூரம்.

"ஐயா, தலையில கை வைக்காண்டாம்" என்றாள் அன்னபாக்கியம், வாயில் அப்பத்தோடு. "பிள்ளைக்குப் பிடிக்காது."

போதகரின் கை அந்தரத்தில் நின்றது. ஏன் என்று கேட்கவில்லை. கையை இறக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவன் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து, அவன் பேர் என்ன என்று கேட்டார். அன்னபாக்கியத்துக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பி ஹெப்சிபாவைப் பார்த்தார்கள்.

"ஆல்வின்" என்றாள் அவள். வறண்ட குரலில் வந்தது. இன்னொரு தடவை, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆல்வின்" என்றாள்.

பேரைச் சொல்லி ஆசீர்வதித்துவிட்டு அவர் போய்விட்டார். ஆல்வின் தலையைத் தூக்காமல் தலைப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஹெப்சிபா வந்து, மிச்சமிருந்த இடத்தில், ஓரத்தில், உட்கார்ந்தாள். பக்கக் கதவு திறந்துதான் இருந்தது, வெயிலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்கள் தெரிந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்னபாக்கியம் தலைப்பை அவன் கையிலிருந்து விடுவிக்கப் பார்த்து, முடியாமல், விட்டுவிட்டாள். கழுத்து வேர்வையைக் கையால் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் அந்தப் பக்கம் ஜன்னலோரம் உக்காருவோம்" என்றாள். "இங்க காத்தே வரல."

"சரிக்கா" என்றாள் ஹெப்சிபா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது.